மருந்து அடித்தும் சாகாத பூச்சி: குடலில் குடியிருக்கும் பாக்டீரியா செய்யும் வேலையா? ஜப்பான் ஆய்வு சொல்வது என்ன?

அதே மருந்து, அதே அளவு, அதே வயல். போன வருஷம் செத்த பூச்சி இந்த வருஷம் சாகவில்லை. உரக்கடை வாசல்களில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. மருந்து போலியாக இருக்கும், அடித்த நேரம் சரியில்லை, பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த எதிர்ப்புத்திறன் விஷயத்தில்தான் 2012-ம் ஆண்டு ஜப்பான் விஞ்ஞானிகள் குழு ஒன்று யாரும் எதிர்பார்க்காத ஒரு தகவலை வெளியிட்டது. மருந்தைத் தாங்கும் திறன் பூச்சியின் உடலில் தலைமுறை தலைமுறையாக உருவாகி வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவைப் பூச்சி விழுங்கினால் போதும், அந்தத் தலைமுறையிலேயே திறன் வந்துவிடும் என்றது அந்த ஆய்வு. அமெரிக்காவின் பி.என்.ஏ.எஸ் ஆய்விதழில் அது வெளியானது.

யார் இந்த விஞ்ஞானிகள்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம்ம ஊர் வயலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

பூச்சிக்குள் ஒரு குடித்தனம்

செடியின் சாறை உறிஞ்சி வாழும் பூச்சிகளுக்கு ஒரு அடிப்படைப் பிரச்னை இருக்கிறது. சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கும். உடல் வளரத் தேவையான சில அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் போதுமான அளவு இருக்காது. தினமும் மூன்று வேளையும் கரும்புச்சாறு மட்டும் குடித்து ஒரு குழந்தையை வளர்க்க முடியுமா? முடியாது. ஆனால் அசுவினி வளர்கிறது, மாவுப்பூச்சி வளர்கிறது, நாவாய்ப்பூச்சி வளர்கிறது. எப்படி?

பதில், அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். உணவில் இல்லாத சத்தை அந்த நுண்ணுயிர்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. பதிலுக்குப் பூச்சி அவற்றுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தருகிறது. இதைத்தான் கூட்டுயிர் வாழ்க்கை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உளுந்து விதைப்பதற்கு முன்னால் ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதை நேர்த்தி செய்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான். அங்கே வேர் முடிச்சு, இங்கே குடல்.

இந்தத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருபவர் டகேமா ஃபுகாட்சு. ஜப்பானின் சுகுபா நகரில், ஏ.ஐ.எஸ்.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசு ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிகிறார். அசுவினியில் ஆரம்பித்து நாவாய்ப்பூச்சி, கூன்வண்டு என்று பல பூச்சிகளின் கூட்டுயிரிகளை அவரது குழு ஆராய்ந்திருக்கிறது. 2012 ஆய்வின் முதல் ஆசிரியர் யோஷிடோமோ கிகுச்சி. இவர் அதே நிறுவனத்தின் ஹொக்கைடோ மையத்தைச் சேர்ந்தவர். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஃபுகாட்சுவும் ஒருவர்.

எறும்பு வேஷம் போடும் பூச்சி

இவர்கள் கையில் எடுத்த பூச்சியின் பெயர் ரிப்டோர்டஸ் பெடஸ்ட்ரிஸ். நாவாய்ப்பூச்சி வகை. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு நாவாய் என்றதும் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அது காயில் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும் பூச்சி. இதன் குஞ்சுகள் பார்ப்பதற்கு அச்சு அசலாக எறும்பு மாதிரியே இருக்கும். ஜப்பான், கொரியாவில் சோயா விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் துவரை, தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளைத் தாக்கும் பூச்சிகளின் பட்டியலிலும் இதே இனம் இருக்கிறது.

இதன் குடலின் பின்பகுதியில் சின்னச் சின்னப் பைகள் வரிசையாக இருக்கும். அந்தப் பைகள் நிறைய பர்கோல்டேரியா என்ற பாக்டீரியா. (வெங்காய அழுகல் நோயை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி வால்டர் பர்கோல்டரின் பெயரில் வந்தது இது. பூச்சியில் வாழும் வகையை இப்போது கபலெரோனியா என்று தனிப் பெயரில் பிரித்துவிட்டார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே பழைய பெயரையே பயன்படுத்துகிறோம்.)

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? பொதுவாக இந்த மாதிரி கூட்டுயிரிகள் அம்மாவிடம் இருந்து பிள்ளைக்குப் போகும். முட்டை வழியாகவோ, முட்டையின் மேல் பூசப்பட்டோ, சீதனம் மாதிரி கைமாறும். ரிப்டோர்டஸ் கதையே வேறு. முட்டையில் பாக்டீரியா கிடையாது. குஞ்சு பொரிந்து, ஒருமுறை தோல் உரித்து, இரண்டாம் பருவத்துக்கு வந்த பிறகு, மண்ணில் இருந்துதான் பர்கோல்டேரியாவை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எடுத்தாக வேண்டும். 2007-ல் கிகுச்சி குழு இதை நிரூபித்தது. பாக்டீரியா கிடைக்காத குஞ்சு செத்துப்போகாது; ஆனால் மெதுவாக வளரும், சிறுத்துப் போகும், முட்டை குறைவாக இடும்.

மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும்போது, சரியான ஆளை மட்டும் பூச்சி எப்படி உள்ளே விடுகிறது? அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குடலின் நடுவில் மிகக் குறுகலான ஒரு இடுக்கு, அதில் கோழை மாதிரியான பொருள் அடைத்திருக்கும். சாப்பிட்ட சாறுகூட அதைத் தாண்டிப் போகாது. பர்கோல்டேரியா மட்டும் தன் வால் போன்ற கசையிழையைத் தன் உடம்பிலேயே சுற்றிக்கொண்டு, தக்கை திருகி மாதிரி துளைத்துக்கொண்டு போகும். அது உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாளுக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். அப்புறம் வேறு யாருக்கும் நுழைவு இல்லை. கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு கறாரான வாட்ச்மேனைப் பார்த்ததில்லை.

விஷத்தைச் சாப்பிடும் பாக்டீரியா

இப்போது மருந்து பக்கம் வருவோம். ஃபெனிட்ரோதியான் என்பது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி. ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் உருவாக்கி, சுமிதியான் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. பூச்சியின் நரம்புகளில் ஒரு முக்கியமான நொதியை முடக்கிவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி செத்துவிடும்.

நாம் விஷத்தையே 'மருந்து' என்று சொல்லிப் பழகியவர்கள். பாக்டீரியாவோ ஒரு படி மேலே போய் அதை 'சாப்பாடு' என்று எடுத்துக்கொள்கிறது. மண்ணில் உள்ள சில வகை பர்கோல்டேரியாக்கள் ஃபெனிட்ரோதியானை உடைத்து, அதில் உள்ள கார்பனை எடுத்து வளரக்கூடியவை. ஆய்வகத்தில் இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். மருந்து கலந்த தட்டு பால் ஊற்றியது போலக் கலங்கலாக இருக்கும். மருந்தைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம் தெரியும்.

சாதாரண வயல் மண்ணில் இந்த ரகம் மிகமிகக் குறைவு. தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைவு. ஆனால் அந்த மண்ணில் திரும்பத் திரும்ப ஃபெனிட்ரோதியான் ஊற்றினால் என்ன ஆகும்? கிகுச்சி குழு செய்து பார்த்தது. ஆய்வகத்தில் வளர்த்தெடுக்க முடிந்த மண் பாக்டீரியாக்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் மருந்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களாகவே மாறிப்போயிருந்தன. மருந்தே அவற்றுக்குத் தீனி என்பதால் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டுப் பெருகிவிட்டன.

அடுத்து, அந்த மண்ணோடு சேர்த்து ரிப்டோர்டஸ் குஞ்சுகளை வளர்த்தார்கள். 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளின் குடலில் மருந்தைச் சிதைக்கும் பர்கோல்டேரியா குடியேறியிருந்தது. சத்து கொடுக்கும் வேலையை அது வழக்கமான பர்கோல்டேரியா மாதிரியே ஒழுங்காகச் செய்தது. அதற்கு மேல் ஒரு போனஸும் கொடுத்தது. ஃபெனிட்ரோதியான் கொடுத்துச் சோதித்தபோது, சாதாரண பாக்டீரியா உள்ள பூச்சிகளைவிட இந்தப் பூச்சிகள் அதிகமாக உயிர் பிழைத்தன.

பூச்சியின் மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது ஏன் கவலைக்குரியது?

வழக்கமான எதிர்ப்புத்திறன் எப்படி வருகிறது என்று யோசித்தால் வித்தியாசம் புரியும். ஆயிரம் பூச்சியில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் இருக்கும். மருந்து அடிக்கும்போது மற்றவை சாகும், இவை தப்பிக்கும். இவற்றின் பிள்ளைகள் தப்பிக்கும். இப்படிப் பல தலைமுறை போன பிறகுதான் வயல் முழுக்கத் தாங்கும் ரகமாக மாறும். அதனால்தான் மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள், ஒரே குடும்ப மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள் என்று வேளாண் அதிகாரிகள் சொல்கிறார்கள்.

பாக்டீரியா வழியில் இந்தக் காத்திருப்பு கிடையாது. எதிர்ப்புத்திறன் தயாராவது பூச்சியில் அல்ல, மண்ணில். ஆகவே வயலில் பூச்சியே இல்லாத நேரத்தில் மருந்து அடித்தாலும், கீழே மண்ணில் அந்த பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கும். பிறகு எங்கிருந்தோ பறந்து வரும் பூச்சி முட்டையிடும். குஞ்சு மண்ணில் இருந்து பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளும். அந்தப் பூச்சியின் முன்னோர்கள் ஒருமுறைகூட அந்த மருந்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அது தாங்கும். அதோடு, ஒரு பூச்சி இனத்தில் இருக்கும் பாக்டீரியா மண் வழியாக இன்னொரு இனத்துக்கும் போகக்கூடும் என்று ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது.

பூச்சி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் 'முன்னெச்சரிக்கையாக ஒரு ரவுண்டு' அடிக்கும் பழக்கத்தை இந்த ஆய்வின் வெளிச்சத்தில் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

சரி, இதெல்லாம் ஆய்வகத்தில் நடந்தது. நிஜ வயலில்? அதையும் பார்த்தார்கள். கரும்புக்குத் தொடர்ந்து ஃபெனிட்ரோதியான் அடித்துவந்த ஜப்பானியத் தீவு ஒன்றில், கரும்பில் வாழும் நாவாய்ப்பூச்சிகளைப் பிடித்துச் சோதித்தார்கள். அவற்றில் சுமார் 8 சதவிகிதப் பூச்சிகளின் குடலில் மருந்தைச் சிதைக்கும் பர்கோல்டேரியா இருந்தது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். 8 என்பது 80 அல்ல. அந்தத் தீவில் மருந்து பலிக்காமல் போனதற்கு இந்த பாக்டீரியாதான் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. இயற்கையான வயலில் இது நடக்க முடியும், நடந்திருக்கிறது என்பதுதான் அதன் முடிவு. சமூக வலைதளங்களில் சில பதிவுகள் இதை 'எல்லாப் பூச்சிக்கும் எல்லா மருந்தும் செல்லாது' என்ற அளவுக்கு இழுத்துச் செல்வது சரியல்ல. சோதிக்கப்பட்டது ஒரு மருந்து, நாவாய்ப்பூச்சி வகையைச் சேர்ந்த சில பூச்சிகள்.

நெல் வயலில் 1970-களிலேயே கிடைத்த துப்பு

மண் நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்னும் என்பது புதிய செய்தி இல்லை. இதில் ஒரு இந்தியப் பெயர் முக்கியமானது: என். சேதுநாதன். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது, புகையானைக் கட்டுப்படுத்த நெல் வயலில் போடப்பட்ட டயசினான் மருந்து நாளடைவில் ஏன் பலிக்காமல் போகிறது என்று ஆராய்ந்தார். வயல் தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்களே மருந்தைச் சீக்கிரமாக உடைத்துவிடுகின்றன என்பது தெரிந்தது. 1973-ல் சேதுநாதனும் யோஷிடாவும் சேர்ந்து, டயசினானையும் பாராதியானையும் சிதைக்கும் பாக்டீரியாவை அந்த நெல் வயலில் இருந்து பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் அவர் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார்.

அங்கே மருந்து காலியானது வயல் தண்ணீரில். கிகுச்சியின் ஆய்வில் அதே மாதிரி பாக்டீரியா பூச்சியின் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் இடையில் நாற்பது ஆண்டு இடைவெளி.

பர்கோல்டேரியாவைத் தவிர வேறு உதாரணங்களும் வர ஆரம்பித்துவிட்டன. மாம்பழத்தை நாசம் செய்யும் பழ ஈயின் குடலில் இருந்து எடுத்த சிட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா, ட்ரைகுளோர்பான் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை உடைத்து, ஈக்குத் தாங்கும் சக்தி தருகிறது என்று சீன விஞ்ஞானிகள் 2017-ல் தெரிவித்தார்கள்.

கேப்ஸ்யூலை மாற்றி வைத்தால் பூச்சியே மாறுமா?

ஃபுகாட்சு குழுவின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2007-ல் வெளியான இன்னொன்று. கருவி, மரபணு வரிசை என்று பெரிதாக எதுவும் இல்லாமல், யோசனையாலேயே ஜெயித்த பரிசோதனை அது.

ஜப்பானில் மெகாகாப்டா என்ற உருண்டைப் பூச்சியில் நெருங்கிய சொந்தமான இரண்டு இனங்கள். ஒன்று பிரதான நிலப்பகுதியில் சோயாவைத் தாக்கும் பங்க்டாட்டிசிமா. மற்றொன்று தென்மேற்குத் தீவுகளில் காட்டுக்கொடிகளில் வாழும் கிரிப்ரேரியா; இது சோயாவில் சரியாகப் பிழைக்காது. முதலாவதை 'பயிர்ப்பகைவன்' என்றும் இரண்டாவதை 'பரவாயில்லை ரகம்' என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூச்சிகளின் அம்மா முட்டையிடும்போது, முட்டைகளுக்கு அடியில் சின்னச் சின்னப் பழுப்பு நிற கேப்ஸ்யூல்களையும் வைத்துவிட்டுப் போகும். அதற்குள் இருப்பது கூட்டுயிரி பாக்டீரியா. பொரிந்து வந்த குஞ்சு செய்யும் முதல் வேலை அந்தக் கேப்ஸ்யூலை உறிஞ்சுவதுதான். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்போமே, அந்த மாதிரி. இந்த பாக்டீரியாவுக்கு இஷிகாவாயெல்லா என்று பெயர். அசுவினியின் கூட்டுயிரிகளை ஆராய்ந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஜிமே இஷிகாவாவின் நினைவாக வைத்தது.

டகாஹிரோ ஹோசோகாவாவும் ஃபுகாட்சுவும் மற்றவர்களும் செய்தது இவ்வளவுதான்: இரண்டு இனங்களின் கேப்ஸ்யூல்களை இடம் மாற்றி வைத்தார்கள். பயிர்ப்பகைவனின் குஞ்சுக்குப் பரவாயில்லை ரகத்தின் பாக்டீரியா; அதனுடையது இதற்கு. பிறகு சோயாவில் வளர்த்தார்கள்.

அதுவரை, பரவாயில்லை ரகம் சோயாவில் முட்டை இடுவதில் குறை வைக்காது. ஆனால் பல முட்டைகள் பொரியாது. கேப்ஸ்யூல் மாறியதும் நிலைமை தலைகீழ். பயிர்ப்பகைவனின் முட்டைகள் பொரியாமல் போக ஆரம்பித்தன. பரவாயில்லை ரகத்தின் முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. ஒரு பூச்சி பயிருக்கு எதிரியா இல்லையா என்பதைத் தீர்மானித்தது பூச்சியின் மரபணு இல்லை, அதன் பாக்டீரியாவின் மரபணு.

இதில் ஒரு பின்கதையும் உண்டு. 2009-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் கிரிப்ரேரியா முதல்முறையாகத் தென்பட்டது. அங்கே ஏற்கெனவே படர்ந்து கிடந்த குட்சு என்ற ஆசியக் கொடியைத் தின்றதால் அதற்குக் குட்சு பூச்சி என்றே பெயர் வைத்தார்கள். பரவாயில்லை ரகம் என்று சொன்னோமே, அந்தப் பூச்சி அங்கே சோயா வயல்களையும் ஒரு கை பார்த்தது. பிறகு அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அது ஜப்பானின் பயிர்ப்பகைவன் ரகத்தின் பாக்டீரியாவை ஒத்திருந்தது. அமெரிக்காவுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டதில்லை, கையோடு கொண்டுவந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

தமிழ்நாட்டில் அவரை, மொச்சைக் கொடிகளில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும், பச்சையும் பழுப்பும் கலந்த உருண்டையான நாற்றப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். வேளாண் பாடநூல்களில் காப்டோசோமா கிரிப்ரேரியா என்று இருக்கும். இதே பூச்சிதான், பழைய பெயர்.

வண்டின் ஓடு முதல் நிறம் வரை

கூட்டுயிரிகள் பூச்சிக்கு வேறு என்னென்ன செய்கின்றன என்ற பட்டியல் நீளமானது. இரண்டு மட்டும் பார்க்கலாம்.

தென்னை விவசாயிகளுக்குச் சிவப்புக் கூன்வண்டைச் சொல்லவே வேண்டாம். கூன்வண்டுகளின் ஓடு கல் மாதிரி இருக்கும். அதைக் கெட்டியாக்கத் தேவைப்படும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவுவது நார்டொனெல்லா என்ற கூட்டுயிரி. சிவப்புக் கூன்வண்டிலும் இது இருக்கிறது. இதன் மரபணுத் தொகுதி மிகமிகச் சிறியது. மற்ற எல்லா வேலையையும் கைவிட்டு, கிட்டத்தட்ட டைரோசின் தயாரிப்புக்காகவே உயிர் வாழ்கிறது என்று ஃபுகாட்சு குழு 2017-ல் காட்டியது. ஜப்பானின் கருப்புக் கூன்வண்டு ஒன்றில் இந்த பாக்டீரியாவைக் குறைத்துப் பார்த்தபோது, கருகருவென்று இருக்க வேண்டிய வண்டு செந்நிறமாக, மெத்தென்ற ஓட்டோடு வந்தது.

இரண்டாவது இன்னும் ஆச்சரியம். மனிதக் குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை, வேகமாக மரபணு மாற்றம் அடையும்படி செய்து, பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்றின் குடலில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சில வரிசைகளில் அது பூச்சிக்கு உதவும் கூட்டுயிரியாகவே மாறிவிட்டது. அதுவரை மங்கிய பழுப்பாகத் தேறாமல் கிடந்த பூச்சிகள் பச்சை நிறத்துக்கு வந்து, கூடுதலாகப் பிழைத்தன. இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம் என்று 2022-ல் வெளியான அவர்களது கட்டுரை சொன்னது. இப்படி ஒரு கூட்டணி உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்திருந்த துறையில் இது பெரிய செய்தி.

நம் வயலுக்கு என்ன தொடர்பு?

ஃபெனிட்ரோதியானை விவசாயத்துக்குப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. பாலைவன வெட்டுக்கிளிக் கட்டுப்பாடு, பொது சுகாதாரம் ஆகியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போ நமக்குக் கவலை இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. அதே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ் போன்ற பெயர்கள் இங்கே உரக்கடைகளில் சகஜம். குளோர்பைரிபாஸைச் சிதைக்கும் மண் பாக்டீரியாக்கள் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

பூச்சி பக்கமும் ஆள் இருக்கிறது. பயறு வகைகளில் ரிப்டோர்டஸ் இருப்பதை ஏற்கெனவே பார்த்தோம். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயலுக்குள் நடந்தாலே கெட்ட வாடை அடிக்குமே, அந்தக் கதிர் நாவாய்ப்பூச்சியும் ரிப்டோர்டஸின் குடும்பம்தான். ஜப்பானில் உள்ள அதன் நெருங்கிய உறவினத்தின் குடலிலும் பர்கோல்டேரியா இருப்பதை கிகுச்சி குழு 2005-லேயே பதிவு செய்திருக்கிறது.

பாக்டீரியாவைக் குறிவைக்க முடியுமா?

இந்த ஆய்வுகள் பயமுறுத்துவதோடு நிற்கவில்லை, ஒரு வழியையும் காட்டுகின்றன. கூட்டுயிரி இல்லாமல் பூச்சி தேறாது என்றால், பூச்சியை விட்டுவிட்டுக் கூட்டுயிரியை அடிக்கலாமே?

கொசு விஷயத்தில் கூட்டுயிரியையே ஆயுதமாக்கும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தினால், டெங்கு வைரஸ் அந்தக் கொசுவில் சரியாகப் பெருகாது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இப்படிப்பட்ட கொசு ரகங்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது.

பயிர்ப்பூச்சியில் இது கொஞ்சம் சிக்கல். வயல் முழுக்க ஆன்டிபயாடிக் தெளிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்ணில் உள்ள நல்ல பாக்டீரியாவும் சாகும், மனிதர்களைத் தாக்கும் கிருமிகளுக்கும் எதிர்ப்புத்திறன் வரும். ரைசோபியத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுவிட்டு அதையே கொல்வது யாருக்கும் லாபமில்லை. ஆகவே பூச்சியின் பக்கம் இருக்கும் பலவீனமான இடங்களைத் தேடுகிறார்கள். உருண்டைப் பூச்சிக்கு அது முட்டைக்கு அடியில் இருக்கும் கேப்ஸ்யூல். ரிப்டோர்டஸுக்கு அது குடலில் உள்ள அந்த இடுக்கு. கசையிழை வேலை செய்யாத பர்கோல்டேரியாவால் இடுக்கைத் தாண்ட முடியவில்லை என்பது பரிசோதனையில் தெரிந்துவிட்டது. இரண்டாம் பருவக் குஞ்சு மண்ணில் இருந்து பாக்டீரியாவை எடுப்பதற்கும் குடலின் வழி அடைபடுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் இப்போது ஆய்வாளர்களின் கவனத்தில் இருக்கிறது.